வேர்க்கும் சுவர்

முந்நீர் கப்பலில் எதையும் வெளியே எறிவதில்லை. எறிந்தால் அது திரும்பி வராது. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாம் குழாய்களுக்குள் போய், நான்கு நாட்கள் சுற்றி, குடிநீராக எங்கள் குவளைக்கு வரும். கெட்டியானது வேறு வழியில் போகும். அதை முந்நூறு டிகிரியில் வறுத்து, அழுத்தி, செங்கல் அளவுக் கட்டிகளாக்கி, வெளிச்சுவரை ஒட்டி அடுக்கிவிடுவோம். விண்வெளிக் கதிர்வீச்சைத் தடுக்க அது நல்ல கவசம். ஆக, நாங்கள் எங்களையே குடித்து, எங்களையே சுவராக எழுப்பி, அந்தச் சுவருக்குள் ஆறு ஆண்டுகளாகச் சனிக்கோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

என் பெயர் யாமினி. வேலூரில் படித்த மருத்துவர். புறப்பட்டபோது என் பொறுப்பில் முப்பத்தொரு உடல்கள் இருந்தன. நான்காம் ஆண்டில் முப்பதாயின. இரண்டாவது விமானி தேவசகாயம் ஒரு நாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. பதிவேட்டில் 'இதயக் கோளாறு' என்று எழுதினேன்.

கப்பலின் சுழற்சி எங்களுக்குக் கொடுக்கும் எடை பூமியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. சுமக்க எதுவும் இல்லை என்று தெரிந்தால் எலும்பு தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். அதிலிருக்கும் கால்சியம் இரத்தத்தில் இறங்கிச் சிறுநீரோடு வெளியேறும். அதைக் குழாயில் மடக்கிப் பிடித்து, வெள்ளைப் பொடியாக்கி, மூன்று வேளை உணவிலும் கலக்கச் சொன்னவள் நான். யாருக்கும் எலும்பு முறியவில்லை. அந்தப் பொடியை என் வாழ்க்கையின் சாதனையாக நினைத்திருந்தேன்.

தரையிறங்க நாற்பத்து மூன்று நாட்கள் இருந்தபோது மாதங்கி மருத்துவ அறைக்கு வந்தாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள், அடம்பிடிக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருகிறவளைப் போல.

"டொக்டர், இது என்ர சொல்லுக் கேக்குதில்லை."

மாதங்கி வல்வெட்டித்துறைக்காரி. எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே விமானி. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் மேற்கையில் சுற்றிக் காற்றடித்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை. மணிக்கட்டு மடங்கியது. விரல்கள் ஐந்தும் நீண்டு, நுனியில் ஒன்றுகூடின. குழந்தைக்கு ஊட்டச் சோற்றைப் பிசைந்து குவித்த கை போல அது அந்தரத்தில் நின்றது. அவள் அதை நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலியில்லை. வெக்கமா இருக்கு."

ஏன் வெட்கம் என்பது கப்பலில் எல்லோருக்கும் தெரியும். சனியின் துணைக்கோளான என்சிலடஸ் ஒரு பனி உருண்டை. அதன் தென்முனையில் பிளவுகள். பிளவுகளிலிருந்து நீராவி பீறிட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் இறங்குகலமான தோணி அங்கே ஓர் இறகைப் போல மெல்லத்தான் விழும். எந்த நேரம் எந்தப் பிளவு திறந்து அதைத் தள்ளிவிடும் என்று எந்திரத்தால் கணிக்க முடியாது. பூமியைக் கேட்கவும் முடியாது. ஒரு சொல் போய்ச்சேர ஒரு மணி இருபது நிமிடம். ஒரு மனிதக் கை வேண்டும். நடுங்கும் கையை அந்த இருக்கையில் உட்கார வைக்கக் கூடாது என்பது விதி. மாதங்கி இறங்காவிட்டால் முந்நீர் சனியை ஒரு சுற்றுச் சுற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே ஆறு ஆண்டுகள் திரும்பிப் போகும்.

இரத்தத்தைப் பார்த்தேன். கால்சியம் குறைவு. மக்னீசியம் அளவின் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோட்டுக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவளுடைய கால்சியப் பொடியை இரட்டிப்பாக்கினேன். ஒன்பது நாள் கழித்து அவள் உதடுகள் மரத்துப்போயின. பொடியை இன்னும் கூட்டினேன். கெண்டைக்கால்கள் இழுத்துக்கொண்டன. பார்க்கப் பார்க்க, நான் அவளுக்குக் கொடுப்பதெல்லாம் அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போவது போல இருந்தது.

தலைவர் செங்கோடன் பெருந்துறைக்காரர். அளந்து பேசுகிறவர். மருத்துவ அறை வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், அந்தப் புள்ள உக்காருமா, உக்காராதா? இருபது நாள்ல எனக்குச் சொல்லிப்போடுங்க. அதுக்கு மேல போனா எறங்கற பாதைக்குப் போக எரிபொருள் கணக்கு ஒத்து வராது."

மாதங்கியின் ஒரு நாள் சிறுநீரை முழுதாகச் சேகரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குக் கழிவு ஆலைக்குப் போக வேண்டும். ஆலை இசக்கியின் ராஜ்யம். தூத்துக்குடி உப்பளத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் படித்து, கடைசியில் முப்பது பேரின் கழிவுக்கு அதிபதியானவள். தன் வேலையைப் பற்றி யாரும் கேலி செய்வதற்கு முன் தானே செய்துவிடுவாள்.

"தாரேன் டாக்டரம்மா, எத்தனை குப்பி வேணும்னாலும் தாரேன். அதுக்கு முன்னால எஞ் செவரை வந்து பாருங்க. கண்ணுல பட்ட நாள்ல இருந்து நாலு மாசமா தலைவருகிட்ட சொல்லுதேன், காதுல போட மாட்டேங்காரு. செவரு வேர்க்குது."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் கட்டிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் தேதி முத்திரை. இடது கோடியில் பழையவை. காய்ந்து, பழுப்பாக, உறுதியாக இருந்தன. வலப்பக்கம் போகப்போகக் கட்டிகளின் மேல் ஈரம் மினுங்கியது. ஈரம் காய்ந்த இடங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

குழாய் கசிகிறதா என்றேன். இசக்கி என்னை ஏளனமாகப் பார்த்தாள்.

"உப்பளத்துல உப்பு வெளஞ்ச பொறவு பாத்தியில கொஞ்சம் தண்ணி நிக்கும்லா, அதை வடிச்சு விட்டுறணும். வடிக்காம அள்ளினா உப்பு கசக்கும். குவிச்சு வச்ச அம்பாரத்துல கெடந்து காத்துல இருக்க ஈரத்தை எல்லாம் குடிச்சு வேர்க்கும். இது அதே வேர்வை. கசப்பும் அதே கசப்பு."

"கசப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாக்குல வச்சுப் பாத்தேன்." நான் முகம் சுளித்ததைப் பார்த்துச் சிரித்தாள். "முந்நூறு டிகிரியில வறுத்தது டாக்டரம்மா. நீங்க காலையில காபி போட்டுக் குடிச்ச தண்ணி யாரோடதுன்னு நான் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். அந்தக் கடைசித் தண்ணீரில் என்ன இருக்கும் என்று கேட்டேன். அவளுக்கு அது பள்ளிக்கூடப் பாடம். சோடியம் உப்பாகப் படிந்துவிடும். கரைசலில் மிஞ்சி நிற்பது மக்னீசியம்.

நான் அந்த ஈரச் சுவரில் சாய்ந்து நின்றேன். மக்னீசியம் கோட்டுக்குள் இருக்கிறது என்று விட்டவள் நான். உடம்பின் மக்னீசியத்தில் இரத்தத்தில் ஓடுவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. இரத்தம் கௌரவத்துக்காகத் தன் அளவைக் காப்பாற்றிக்கொள்ளும், உள்வீடு காலியாகிக்கொண்டிருந்தாலும். இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

மருந்துப் பெட்டியில் மக்னீசியம் நான்கு குப்பிகள் இருந்தன. நான்கையும் அன்றே மாதங்கியின் நரம்பில் எட்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். அது சிகிச்சையும் சோதனையும் சேர்ந்தது. நிறைந்த உடம்புக்கு மக்னீசியம் கொடுத்தால் சிறுநீரகம் அதை ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுவதுமாக வெளியே தள்ளிவிடும். வறண்ட உடம்பு தள்ளாது. மறுநாள் இசக்கி சிறுநீரை அளந்து சொன்னாள். நூறு பங்கு ஏற்றியதில் திரும்பி வந்தது பதினெட்டு. மீதியை மாதங்கியின் உடம்பு கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. அன்று மாலை அவள் தன் கையால், சிந்தாமல், ஒரு குவளைத் தண்ணீர் குடித்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் தந்த கல்சியம்?" என்று கேட்டாள்.

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

"கழுத்துல சின்னதா ஒரு சுரப்பி இருக்கு மாதங்கி. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா அதுதான் கூப்பாடு போடணும். போட்டாத்தான் சிறுநீரகம் கால்சியத்தை விடாம பிடிக்கும், குடல் உள்ளே இழுக்கும். கூப்பாடு போட அதுக்கு மக்னீசியம் வேணும். இல்லாம நான் எத்தனை கரண்டி கால்சியம் போட்டாலும் உடம்புல நிக்காது. அதுவும் இல்லாம, குடல்ல கால்சியக் கூட்டம் அதிகமானா மக்னீசியம் உள்ளே வர முடியாது. நான் வாசலை அடைச்சுக்கிட்டே இருந்திருக்கேன்."

அவள் தன் வலது கையை விரித்து மூடிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப என்னில பிழை இல்லை," என்றாள். அவள் கண் கலங்கியதை ஆறு ஆண்டுகளில் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் பொடி மட்டும் காரணமாக இருக்க முடியாது. முதல் ஆண்டிலும் பொடி உண்டு. முதல் ஆண்டுக் கட்டிகள் வேர்க்கவில்லை. இசக்கியும் நானும் சுவரோடு நடந்து, ஈரம் தொடங்கும் கட்டியைத் தேடிப் பிடித்தோம். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் மாதம். அந்த மாதம் என்ன நடந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இசக்கி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"புளிச்ச மாவை நிப்பாட்டுன மாசம்லா அது."

எனக்கும் நினைவு வந்தது. இந்தக் குறைந்த எடையில் மாவில் எழும் குமிழி மேலே வந்து உடையாது. உள்ளேயே இருந்து ஊதும். ஒரு நாள் காலை கம்பு மாவுப் பானை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, நுரை காற்றுக்குழாய்க்குள் போய், கப்பலின் பாதிக்கு மூச்சுத் திணறியது. செங்கோடன் அன்றே உத்தரவு போட்டார்: இனி இந்தக் கப்பலில் எதுவும் ஊறக் கூடாது, புளிக்கக் கூடாது. அதன்பின் ஆப்பசோடா போட்ட உடனடி மாவுதான். இட்லி அதே நிறத்தில், அதே வட்டமாகத்தான் இருந்தது. யாரும் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை.

எங்கள் தானியமெல்லாம் தவிடு நீக்காதவை. சத்து போய்விடக் கூடாது என்று அப்படிக் கேட்டு வாங்கி வந்தோம். தவிட்டில் மக்னீசியம் நிறைய. ஆனால் அதே தவிட்டில் இருக்கும் பைட்டிக் அமிலம் மக்னீசியத்தையும் கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். ஊறிப் புளிக்கும்போதுதான் அந்தக் கட்டு அவிழும். புளிக்காவிட்டால் குடல் தொடக்கூட முடியாமல் எல்லாம் அப்படியே கடந்து போகும், நேராகச் சுவருக்கு. உலகத்திலேயே சத்தான உணவை நான்கரை ஆண்டுகளுக்கு மேலாகச் சாப்பிட்டு, அதை முழுக்கச் சுவருக்கு ஊட்டியிருந்தோம்.

செங்கோடனிடம் சொல்லப் போனபோது இசக்கியும் வந்தாள். குப்பிகள் தீர்ந்துவிட்டதால் முப்பது பேருக்கும் வேண்டிய மக்னீசியத்தைச் சுவரிலிருந்தே எடுக்க வேண்டும் என்றோம். அவர் முழுதும் கேட்டார். சூரியப் புயல் வரக்கூடிய காலத்தில் கவசத்தைப் பிரிப்பதா என்று தயங்கினார். அறுபது கட்டி போதும், அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுக்கலாம், அங்கே தண்ணீரே கவசம் என்று இசக்கி படம் போட்டுக் காட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த உத்தரவுல இருக்கிற கையெழுத்து என்னோடதுங்க," என்றார்.

"பொடியில இருக்கிறது என்னோடது," என்றேன்.

"பானைக்கு ஓட்டை மூடி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றாள் இசக்கி. அவளை நாங்கள் இருவரும் பார்த்த பார்வையில் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். செங்கோடன் முதலில் சிரித்தார். அன்று மத்தியானமே மூடியில் ஓட்டை போடப்பட்டது.

அடுத்த இரண்டு வாரமும் கழிவு ஆலை உப்பளமாக இருந்தது. இசக்கி கட்டிகளை எரித்துச் சாம்பலாக்கி, அமிலம் கலந்த நீரில் கரைத்து, கால்சியத்தைப் பிரித்து, மிஞ்சியதைத் தட்டையான தட்டுகளில் விளக்கொளியில் காய வைத்தாள். வரப்புக் கட்டாத பாத்திகள் போல அவை வரிசையாகக் கிடந்தன. சாதாரண உப்பு படியப் படிய வாரி ஒதுக்கிவிட்டு, கடைசித் தண்ணீரை மட்டும் பொத்திப் பொத்திச் சேர்த்தாள். தன் அப்பா பார்த்தால் தலைகீழாகச் செய்கிறாள் என்று திட்டுவார் என்று சொல்லிக்கொண்டே சேர்த்தாள்.

முதல் மூன்று நாள் அளவு தப்பிவிட்டது, என் தவறுதான். மக்னீசியத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் குடல் உள்ளே இழுப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரை வெளியே விடும். பேதி உப்பு என்று பெட்டிக்கடையில் விற்பது இதைத்தான். கழிவறை வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். சுவரில் எடுத்ததைச் சுவருக்கே திருப்பித் தருகிறார்கள், நேர்மையான ஜனம் என்றாள் இசக்கி. சிறு சிறு பங்காக ஐந்து வேளை உணவோடு கொடுத்தேன். பொடியை உணவிலிருந்து விலக்கினேன். இரவெல்லாம் கால் இழுத்துக்கொண்டிருந்த சமையல்காரர் பத்தாம் நாள் நன்றாகத் தூங்கினார். பதினான்காம் நாள் மாதங்கியின் மேற்கையில் பட்டையைச் சுற்றி மூன்று நிமிடம் முழுதாகக் காற்றடித்து வைத்தேன். கை திறந்தே கிடந்தது. அவள் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

இருக்கை அவளுக்கு என்று செங்கோடன் அறிவித்தார். உணவுக் கூடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. புளித்த மாவு இட்லியின் வாசம் எங்கும் இருந்தது.

நான் கைதட்டவில்லை. குளிர்ப்பெட்டியில் தேவசகாயத்தின் தசைத் துண்டு ஒன்று இருந்தது. இறந்த நாளில் வழக்கப்படி எடுத்து வைத்தது. அவர் இறப்பதற்கு முன் இரண்டு மாதம் கால் பிடிப்பு, நெஞ்சு படபடப்பு என்று வந்துகொண்டிருந்தார். நான் கால்சியம் கொடுத்து அனுப்பினேன். சுவரைத் தொட்ட அன்றே எனக்குத் தெரியும், அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று. திறக்கத் தைரியம் வரவில்லை. தரையிறங்க மூன்று நாள் இருக்கும்போது திறந்தேன். தசையில் மக்னீசியம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் எழுந்து நின்று எல்லோரிடமும் சொன்னேன். அவர் இதயத்தில் கோளாறு இல்லை, என் சிகிச்சையில்தான் இருந்தது என்று. யாரும் தட்டைத் தொடவில்லை. அவரோடு ஐந்து வருடம் பயிற்சி செய்த மாதங்கிதான் பேசினாள்.

"தெரியாமல் செய்தது தெரியாமல் செய்ததுதான் டொக்டர். தெரிஞ்ச பிறகு என்ன செய்யப் போறியள்? குமரியில நாப்பத்து நாலு பேர் வந்துகொண்டிருக்கினம்."

குமரி எங்களுக்குப் பின்னால் வரும் இரண்டாவது கப்பல். அதே உடனடி மாவு. எங்கள் கப்பலைப் பார்த்து எழுதிய சமையல் விதிகள். அதே பொடி. நான் முன்பே அனுப்பிய குறிப்புக்குப் பூமி, ஒரு நோயாளியை வைத்து விதியை மாற்ற முடியாது என்று பதில் போட்டிருந்தது. இப்போது என்னிடம் முப்பது பேரும் ஒரு மரணமும் இருந்தன. அனுப்பினால் நம்புவார்கள்.

செங்கோடன் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். இன்றைக்கு இதை அனுப்பினால் பூமி பயந்துவிடும், விமானியின் உடம்பே நம்பத்தகாதது என்று இறங்குவதைத் தடுத்துவிடும் என்றார். நான்கு நாள் கழித்து அனுப்பினால் என்ன என்று கேட்கவில்லை. கேட்பது போல நின்றார்.

"நாலு நாள்ல குமரியில ஒருத்தர் தூங்கி எழுந்திரிக்கலைன்னா?" என்றேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வளையங்களோடு சனி அங்கே நிறைந்திருந்தது. அதற்காக அவர் மகள் வளர்வதைப் பார்க்காமல் ஆறு ஆண்டுகள் வந்திருக்கிறார்.

"அனுப்புங்க," என்றார்.

பூமிக்கும் குமரிக்கும் அனுப்பினேன், தேவசகாயத்தின் பெயரோடும் என் கையெழுத்தோடும். மறுநாளே குமரியிலிருந்து நேராக ஒரு வரி வந்தது: மாவு ஊற வைத்துவிட்டோம். பூமியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. மூன்றாம் நாள், குறித்த நேரத்தில், தடுக்கும் சொல் எதுவும் வராததால், மாதங்கியும் இரண்டு ஆய்வாளர்களும் தோணியில் ஏறினார்கள்.

நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். திரையில் பல காட்சிகள் ஓடின. நான் பார்த்தது ஒன்றை மட்டும்: அவள் கைகள். கீழே பனி மெல்ல, மிக மெல்ல மேலே வந்தது. நூறு மீட்டரில் பக்கத்துப் பிளவு ஒன்று திறந்தது. தோணி சாய்ந்தது. மேலே திரும்பச் சொல்லி எந்திரம் மூன்று முறை கேட்டது. இடது கை எட்டி எந்திரத்தின் வாயை அடைத்தது. வலது கை பிடியைச் சற்றே, ஒரு நூலிழை, திருப்பிப் பிடித்தது. நான்கு நிமிடம் அது அந்த நூலிழையை விடவில்லை. பாலைத் தளும்பாமல் கொண்டுபோகிற கை போல இருந்தது. இசக்கி என் தோளைப் பிடித்த பிடியில் மறுநாள் எனக்குக் கன்றிப்போயிருந்தது.

"இறங்கிட்டம்," என்றது ஒலிபெருக்கி. "பனி கெட்டியா இருக்கு. எல்லாரும் சுகம்."

யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று நினைவில்லை. செங்கோடன் உட்கார்ந்துகொண்டு, முகத்தை இரண்டு கைகளாலும் மூடி, தோள் குலுங்க அழுதார். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து எல்லோருக்கும் காபி போடச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பூமியின் சொல் வந்தது. அவர்கள் அதை அனுப்பியபோது தோணி இன்னும் கீழே மிதந்துகொண்டிருந்திருக்க வேண்டும். தேவசகாயத்தின் குடும்பத்துக்கு உண்மை சொல்லப்பட்டுவிட்டது; குமரியின் விதிகள் மாற்றப்பட்டன; மருத்துவருக்கு நன்றி. பிறகு கட்டளை: விமானி மாதங்கியின் கைகளை நம்ப முடியாது, தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு உடனே திரும்பவும்.

கட்டளை கிடைத்ததற்கு மருத்துவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய படிவம் ஒன்று கூடவே இருந்தது. செங்கோடன் அதை என்னிடம் நீட்டினார். திரையில் மாதங்கி தோணிக்கு வெளியே, காலடியில் ஒரு நங்கூர ஆணியைப் பனிக்குள் திருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நீராவி சூரியனில் பொன்னாக எழுந்துகொண்டிருந்தது.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது: விமானியின் தற்போதைய நிலை.

'பனியின் மேல் நிற்கிறார்' என்று எழுதி, அனுப்பினேன்.